பூட்டிய பெட்டியில் ஆறு பக்கங்கள்

செவ்வாய், காலை 10.20

"அக்கா, உங்க வெப்சைட்டுதான் ஏற்கெனவே இருக்குதே?"

ராசிபுரத்திலிருந்து மலையேறி வந்திருந்த டிசைனர் சதீஷ்குமார் இதைக் கேட்டபோது, திருப்புலி நாட்டு மகளிர் குழுக் கட்டடத்தில் பதினோரு பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவனை இன்னும் வேலைக்கு வைக்கவில்லை. ஆள் எப்படி என்று பார்க்கத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். நடுவில் குழுவின் தகரப் பெட்டி மூன்று பூட்டோடு திறக்கப்படாமல் இருந்தது. வெப்சைட்டுக்கு என்ன பெயர் என்று அவன் கேட்டான். குழுவின் செயலாளர் பூங்குழலி, 'பதினோரு கொடி' என்றாள். அந்தப் பெயர் காலியாக இருக்கிறதா என்று பார்க்க அவன் போனில் தட்டினான். அவ்வளவுதான் நடந்தது.

"இருக்காதுங்க தம்பி. பேரே போன வியாழக்கெழமதான் வெச்சோம்," என்றாள் பூங்குழலி.

அவன் போனைத் திருப்பிக் காட்டினான். மலையில் சிக்னல் எப்போதும் நொண்டும். பக்கம் மேலிருந்து கீழாக, வரி வரியாக இறங்கியது. 'மிளகு வாங்கும் முன் நீங்கள் எங்களிடம் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்.' பூங்குழலி போனைப் பிடுங்கிப் பார்த்தாள். அது அவளுடைய வரி. அதை எத்தனை முறை அடித்து எழுதினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். பக்கத்தின் அடியில் முகவரி இருந்தது: காளியண்ணன் மிளகு மண்டி, முள்ளுக்குறிச்சி.

வெப்சைட் என்றால் டிசைனரைக் கூப்பிட்டு, 'ஏதாவது நல்லாப் பண்ணிக் குடுங்க' என்று சொல்வதுதான் ஊர் வழக்கம். பூங்குழலிக்கு அது பிடிக்காது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி ஆபீஸில் ஐந்து வருஷம் இருந்தவள். அந்த முதலாளி மூன்று தடவை வெப்சைட் போட்டு மூன்று தடவையும் தூக்கிப் போட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். யாருக்காகப் போடுகிறோம் என்று கடைசிவரை அவருக்கே தெரியவில்லை. அதனால் குழுவில் முதல் நாளே சொல்லிவிட்டாள். "டிசைனர் வந்து என்ன வேணும்னு கேட்டா நாம முழிக்கக் கூடாதுங்க. மொதல்ல நோட்டுல எழுதுவோம். ஆளைப் பொறகு தேடுவோம்."

நாலு மாதம். வியாழக்கிழமைதோறும் கூட்டம். நம் பக்கத்துக்கு யார் வருவார்கள்? வந்ததும் எதைத் தேடுவார்கள்? எந்தப் படம் எங்கே வர வேண்டும்? போன் வந்தால் யார் எடுப்பது? மழையில் ரோடு அடைத்துக்கொண்டால் சரக்கு தாமதம் என்று யார் சொல்வது? இப்படிச் சண்டை போட்டுச் சண்டை போட்டு ஆறு பக்கம் தேறியது. ஒவ்வொரு பக்கத்திலும் பூங்குழலி ஸ்கேல் வைத்துக் கட்டங்கள் போட்டிருந்தாள். இந்தக் கட்டத்தில் மிளகுக் கொடியின் படம், இதில் போன் நம்பர், இங்கிருந்து அம்புக்குறி அடுத்த பக்கத்துக்கு. எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் கூட்டத்தில் உரக்க வாசிப்பார்கள். குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவரான சின்னாயிக்கு எழுத்துத் தெரியாது. அவர் கேட்டு, தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் எந்தத் தாளும் முடிவாகும். பதினாறு வருஷமாக அதுதான் குழுவின் முறை. சின்னாயியின் கைநாட்டு ஆறு பக்கத்திலும் இருந்தது.

இந்த ஆறு பக்கமும், இத்தனை நாளும் அவர்கள் மிளகை வாங்கி விற்ற காளியண்ணனை ஒதுக்கிவிட்டு, வாங்குகிறவர்களிடம் நேராக விற்பதற்காக எழுதப்பட்டவை. இப்போது அவை காளியண்ணன் கையில் இருந்தன.

"இப்ப நாம போட்டா, நாம காப்பியடிச்ச மாதிரி தெரியும்க்கா," என்றான் சதீஷ்குமார். பாவம், அவனுக்கு வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

தலைவி பொன்னம்மாள் அவனைப் பார்க்கவே இல்லை.

"நான் ஒண்ணு கேக்கறேன் பூங்குழலி. உம் ஊட்டுக்காரன் அந்தக் காளியண்ணங்கிட்டத்தான வேல பாக்கறான்?"

கேட்டுவிட்டார். எல்லார் மனதிலும் ஓடியதைத்தான் கேட்டார். பூங்குழலியின் கணவன் சிவபிரகாஷ் இரண்டு வருஷத்துக்கு முன் வீட்டைவிட்டு இறங்கிப் போனவன். முள்ளுக்குறிச்சி மண்டியில் குடோனைப் பார்த்துக்கொள்கிறான். பூங்குழலி அவன் தாயார் சின்னாயியோடு அதே வீட்டில் இருக்கிறாள்.

"அவரு எங்கூடப் பேசி ரெண்டு வருசமாச்சுங்கக்கா."

"அது உனக்குத்தான் தெரியும்."

சின்னாயி மருமகளின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பாயில் ஒரு கோரை பிரிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்குக் கூட்டம். யாரு செஞ்சதுன்னு அதுக்குள்ள தெரியணும். தெரியலீன்னா பூங்குழலி பேரை அடிச்சிருவோம். இதுல எனக்கு முகதாட்சண்யம் கெடையாது," என்றார் பொன்னம்மாள்.

பூங்குழலிக்கு இந்த உலகத்தில் பெயர் எழுதியிருக்கும் இடம் அந்தக் குழு நோட்டு ஒன்றுதான். வீடு சிவபிரகாஷ் பெயரில். நிலம் சிவபிரகாஷ் பெயரில். பிறந்த வீட்டில் அண்ணி அவளுக்கு இரண்டாம் நாளே பஸ் நேரம் சொல்லுவாள். குழுவும் போய்விட்டால் அவள் யார் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது.

காலை 11.40

மலைக் காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் யமுனா, பூங்குழலி கொண்டுவந்த மனுவை இரண்டு முறை படித்தாள். விருதுநகர்ப் பக்கத்துக்காரி. மலைக்கு வந்து எட்டு மாதம். மாற்றல் என்று சொல்வது மரியாதைக்கு. கீழே இருந்தபோது தொடக் கூடாத ஒருவருடைய மணல் டிராக்டரைப் பிடித்துவிட்டாள், அதற்குக் கிடைத்த பரிசு.

"என்ன காணாமப் போச்சு?"

"ஆறு பக்கம்ங்க மேடம்."

"எங்க வச்சிருந்தீங்க?"

"பெட்டிக்குள்ள."

"இப்ப எங்க இருக்கு?"

"பெட்டிக்குள்ளதானுங்க."

எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் முரளியின் பேனா நின்றது. தூத்துக்குடியிலிருந்து அவன் வந்தே பதினைந்து நாள்தான் ஆகிறது. மலை இன்னும் பழகவில்லை, ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. யமுனாவின் முகத்தைப் பார்த்தான். அவள் சிரிப்பாள் என்று நினைத்தான். அவள் தொப்பியை எடுத்துக்கொண்டாள்.

பகல் 1.00

பெட்டியின் மூடியில் ஒரு தாள் பட்டை ஒட்டியிருந்தது. அதில் வியாழக்கிழமைத் தேதி, மாலை 4.10 என்று நேரம், இரண்டு கையெழுத்து, ஒரு கைநாட்டு. பட்டை கிழியவில்லை. யமுனா நகத்தால் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பிரித்து ஒட்டிய தடமும் இல்லை.

"சாவி?"

"மூணு பூட்டு, மூணு சாவிங்க. எங்கிட்ட ஒண்ணு, பூங்குழலிகிட்ட ஒண்ணு, சின்னாயக்காகிட்ட ஒண்ணு. மூணு பேரும் இருந்தாத்தான் தொறக்கும்," என்றார் பொன்னம்மாள்.

"கூட்டத்துல யாராவது போட்டோ எடுத்திருந்தா?"

"எடுக்க முடியாதுங்க. கூட்டம்னா போனெல்லாம் கூடைக்குள்ள. இந்தக் கீர்த்தனா ஒருக்கா எங்க சண்டைய ஸ்டேட்டஸ்ல போட்டுட்டா. அதுலருந்து அப்படி."

குழுவிலேயே சின்னவளான கீர்த்தனா தலையைக் குனிந்துகொண்டாள்.

பெட்டியைத் திறந்தார்கள். நீள நோட்டு இருந்தது. யமுனா ஒரு கையில் நோட்டையும் இன்னொரு கையில் சதீஷ்குமாரின் போனையும் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஒப்பிட்டாள். வரிசை மாறவில்லை. ஏழு கேள்விகளும் அதே ஏழு.

"மூணாம் பக்கம் பூரா அடிச்சிருக்கே?"

"வியாழக்கெழம அடிச்சதுங்க மேடம்," என்றாள் பூங்குழலி. "மொதல்ல அதுல எங்க கஷ்டத்தையெல்லாம் எழுதியிருந்தேன். பொறகு வேண்டாம்னு தோணுச்சு. எரக்கப்பட்டு வாங்கறவங்க ஒரு தடவதான் வாங்குவாங்க. அதை எடுத்துட்டு இதைப் போட்டோம்."

அடித்த வரிகளுக்குக் கீழே புதிதாக எழுதியிருந்தது: 'இது எங்கள் வீட்டு மிளகு. விற்பதற்கு அல்ல, எங்கள் குழம்புக்கென்று தனியாக உலர்த்தி வைப்பது. அதைத்தான் உங்களுக்கு அனுப்புகிறோம்.'

போனில் மூன்றாம் பக்கத்தில் கஷ்டம் எதுவும் இல்லை. புதிய வரிகள்தான் இருந்தன. ஆனால் இப்படி இருந்தன: 'இது எங்கள் ஊட்டி மிளகு. விற்பதற்கு அல்ல.'

"திருடறதக்கூட ஒழுங்காத் திருடத் தெரியல பாருங்க," என்றார் பொன்னம்மாள். "ஊட்டிக் குளுருல மொளகு எங்கீங்க வரும்?"

இன்னும் ஒன்றிரண்டு வித்தியாசங்கள் இருந்தன. ஐந்தாம் பக்கத்தில் நோட்டில் 'மரவள்ளி மாவு'. போனில் 'குச்சிக்கிழங்கு மாவு', அதே கிழங்குதான். நோட்டில் கட்டம் போட்டுக் காட்டிய இடங்களில் போனில் ஒரு படமும் இல்லை. மேலே மட்டும் எங்கிருந்தோ எடுத்த ஒரு தேயிலைத் தோட்டம் பச்சைப்பசேல் என்று இருந்தது. யமுனா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

"வியாழக்கிழமைக் கூட்டம் வரைக்கும் இந்த வரி கிடையாது," என்றாள். "நாலு பத்துக்குப் பெட்டி பூட்டியாச்சு. போட்டோ கிடையாது. நோட்டு வெளிய வரல. ஆனா முள்ளுக்குறிச்சிக்குப் போயிருக்கு."

"எழுதினவளுக்கு நோட்டு எதுக்குங்க?" என்றார் பொன்னம்மாள். "எல்லாந்தான் அவ மண்டைக்குள்ள இருக்குதே."

நியாயமான பேச்சுதான். யமுனாவால் அதை மறுக்க முடியவில்லை. பூங்குழலிக்கு அது புரிந்துவிட்டது. அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பகல் 1.45

யமுனா ஒவ்வொருவராக வரச் சொன்னாள். முரளி எழுதினான்.

முதலில் சதீஷ்குமார்.

"இந்த ஊருக்கு முன்னாடி வந்திருக்கியா?"

"இன்னிக்குத்தான் மேடம். அதுவும் வளைவுல ரெண்டு தடவ வாந்தி எடுத்து."

"நோட்டைப் பாத்தியா?"

"பெட்டியே இப்பத்தான தொறந்தீங்க."

"இந்த வெப்சைட் எப்ப போட்டது?"

"பேரை ஞாயித்துக்கெழம வாங்கியிருக்காங்க. பக்கம் நேத்து ஏத்தியிருக்காங்க. எழுத்த மட்டும் கொட்டி வெச்சிருக்காங்க மேடம், படம் வைக்க எடமே விடல. அக்கா நோட்டைப் பாத்து செஞ்சிருந்தா இப்படிச் செய்ய முடியாது. நோட்டுல அவ்வளவு தெளிவா இருக்குது."

அடுத்து பூங்குழலி.

"யார்கிட்டயாவது பேசினீங்களா?"

"இல்லீங்க."

"வீட்ல?"

"ஊட்டுல நானும் எங்கத்தையுந்தானுங்க. பகல்ல நான் மொளகு பறிக்கப் போயிருவேன்."

"அவங்க மேல சந்தேகம் உண்டா?"

"அவங்களுக்கு எழுத்தே தெரியாதுங்க மேடம்." சொன்ன வேகத்தில் அவளுக்குக் கோபமே வந்திருந்தது. "அவரு எங்களை விட்டுட்டுப் போனப்ப, பையன் பக்கம் நிக்காம எம் பக்கம் நின்னவங்க அவங்க."

அடுத்து சின்னாயி. அறுபது தாண்டிய உடம்பு, நிமிர்ந்து நடப்பவர். இன்று குனிந்து வந்தார்.

"மூணாம் பக்கத்துல என்னம்மா இருந்துச்சு?"

"எனக்கு என்னங்க சாமி தெரியும். எழுத்துத் தெரியாத கட்டை."

"வாசிச்சுக் காட்டினாங்கள்ல?"

"வயசாச்சுங்க. ஒண்ணும் நெனப்புல நிக்கறதில்லீங்க."

"ஒரு வரிகூட?"

"ஒண்ணும் இல்லீங்க."

"போன் இருக்கா?"

"பட்டன் போனு ஒண்ணு கெடக்குது."

"யார் பேசுவாங்க?"

"எனக்கு யாருங்க பேசப் போறாங்க."

கடைசியாகக் கீர்த்தனா. வியாழக்கிழமை எங்கே போனாள், ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தாள், மண்டியில் யாரையாவது தெரியுமா என்று கேட்டாள் யமுனா. தெரியாது என்றாள். எல்லாம் சாதாரணமான பதில்கள். மூன்று மணியாகிவிட்டது. பூங்குழலிக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

மாலை 3.05

கையெழுத்து வாங்குவதற்காக முரளி வாக்குமூலத்தை வாசித்தான். "வியாழக்கிழமை கூட்டம் முடிந்ததும் நான் நேராக ஊட்டிக்குப் போய்விட்டேன்..."

"ஏனுங்க, நான் எப்பங்க ஊட்டிக்குப் போனேன்?" என்றாள் கீர்த்தனா.

"நீங்கதான சொன்னீங்க?"

"ஊட்டுக்குப் போனன்னு சொன்னனுங்க. எங்க ஊட்டுக்கு. அந்தா தெரியுது பாருங்க, அந்த ஊட்டுக்கு!"

பெண்கள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான். முரளி காது சிவந்து, ஊட்டியை அடித்து வீடு என்று எழுதினான். யமுனாவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிக்கவில்லை.

சதீஷ்குமாரின் போனை மறுபடியும் வாங்கினாள். மூன்றாம் பக்கம். ஐந்தாம் பக்கம். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே போய், ஜீப்பின் நிழலில் ஐந்து பெண்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மூணாம் பக்கத்தைப் பாக்காமச் சொல்லுங்க." பொன்னம்மாள் இரண்டாம் வரியில் தடுக்கினார். கீர்த்தனா நாலாம் வரியில். மற்ற இருவரும் 'மொளகுன்னு என்னமோ வரும்' என்றார்கள்.

பூங்குழலி வேகமாக ஆரம்பித்து, அடித்துவிட்ட கஷ்டத்தையும் புது வரியையும் கலந்து சொல்லி, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தாள். பதினேழு விதமாக எழுதிப் பார்த்தவளுக்குக் கடைசியாக எது நின்றது என்று சட்டென்று வரவில்லை. "தப்பாச் சொல்லிட்டனுங்களா?" என்று பயந்து கேட்டாள்.

"இல்ல, சரியாத்தான் சொன்னீங்க," என்றாள் யமுனா. அவளுக்குக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி வரவில்லை. வேறு யாராவதாக இருக்கக் கூடாதா என்று இருந்தது.

மாலை 4.00

"இதை யாரும் பாத்து எழுதல," என்று ஆரம்பித்தாள் யமுனா. பதினோரு பெண்களும் பாயில் இருந்தார்கள். சதீஷ்குமார் வாசலில் நின்றான். "பாத்து எழுதினா 'வீட்டு மிளகு' எப்படி 'ஊட்டி மிளகு' ஆகும்? நோட்டுல அவ்வளவு அழகா எழுதியிருக்கு. இது காதால கேட்டு எழுதினது. உங்கள்ல யாரோ 'ஊட்டு மொளகு'ன்னு வாயாலச் சொல்லியிருக்கீங்க. கீழ அதை எழுதினது உங்க பேச்சுத் தெரியாத ஆள். இல்ல, பேசினா தானா எழுதுற போனு. எங்க முரளி மாதிரியே எழுதியிருக்கு. மரவள்ளியும் அப்படித்தான் குச்சிக்கிழங்காச்சு. எழுத்துல இருந்தது மரவள்ளி. சொன்னவங்க வாயில வர்றது குச்சிக்கிழங்கு."

பொன்னம்மாள் பூங்குழலியைத் திரும்பிப் பார்த்தார். "நாந்தான் சொன்னனே, மண்டைல இருந்து..."

"இருங்கம்மா. பூங்குழலிக்குத்தான் எழுதத் தெரியுமே. கொடுக்கணும்னா ஒரு தாள்ல எழுதிக் கொடுத்திருப்பாங்க. அந்தக் கட்டத்தையும் படத்தையும் போட்டுக் காட்டியிருப்பாங்க, அது அவங்க உயிரு. இந்த வெப்சைட்ல வார்த்தை அத்தனையும் வந்திருக்கு, கட்டம் ஒண்ணுகூட வரல. ஏன்? கட்டத்தை வாசிச்சுக் காட்ட முடியாது. சொன்னவங்களுக்கு நோட்டுல கட்டம் இருக்கறதே பெருசாத் தெரியாது. அவங்களுக்கு இந்த ஆறு பக்கமும் காதுல விழுந்த சத்தம் மட்டுந்தான்."

இப்போது யாரும் பூங்குழலியைப் பார்க்கவில்லை.

"உங்கள்ல எழுத்துத் தெரிஞ்ச அஞ்சு பேரைக் கேட்டுப் பாத்தேன், ஒருத்தருக்கும் இது மனப்பாடம் கிடையாது. தேவையே இல்ல, நோட்டு இருக்கு. ஒருத்தர் மட்டும் ஒவ்வொரு வாரமும் கேட்டு, வரி பிசகாமத் திருப்பிச் சொல்லி, அப்புறம் கை வச்சிருக்காங்க. அவங்ககிட்ட நான் கேட்டப்ப, ஒரு வரிகூட நினைவில்லன்னாங்க. எழுத்துத் தெரியாதுன்னு சொன்னதும் நாம எல்லாரும் அவங்களை விட்டுட்டோம். எழுத்துத் தெரியாததுனாலதான் அவங்களுக்கு எல்லாமே தெரியும்." கையை நீட்டினாள். "சின்னாயி அம்மா, உங்க போனைக் கொடுங்க."

சின்னாயி இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் வந்த அழைப்புகள் பதிவாகி இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. யமுனா அதைக் கீர்த்தனாவிடம் நீட்டினாள்.

"வெள்ளிக்கெழம ரெண்டே காலுக்கு, முப்பத்தோரு நிமிசம்," என்று வாசித்தாள் கீர்த்தனா. குரல் இறங்கிக்கொண்டே போனது. "சனிக்கெழம ரெண்டு மணிக்கு, நாப்பது. ஞாயித்துக்கெழம அம்பத்திரண்டு. பேரு இல்லீங்க, நம்பர்தான். கடைசில நாலு..."

"நாலு, ஏழு, ஏழு, ஒண்ணு," என்றாள் பூங்குழலி.

இரண்டு வருஷமாக அவள் அடித்துப் பார்க்கும் நம்பர் அது. சிவபிரகாஷ் ஒரு தடவைகூட எடுத்ததில்லை.

சின்னாயி அழவில்லை. அழுதிருந்தால் கேட்பவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வெள்ளிக்கெழம போன் அடிச்சுது. நான் கடன்காரக் கம்பெனிக்காரன்னு நெனச்சேன். 'அம்மா'ன்னான். ரெண்டு வருசம் கழிச்சு அந்தச் சத்தம் சாமி. எதுக்கு என்னன்னு நான் கேப்பனுங்களா? நீங்க என்னமோ எழுதறீங்களாமே, சொல்லு கேப்போம்னான். நான் சொன்னன். என்ன ஞாபகம்மா உனக்கு, பள்ளிக்கொடம் போயிருந்தா கலெக்டர் ஆயிருப்பேன்னான். சொல்லி முடிச்சா வெச்சுருவான்னு, மெதுமெதுவாச் சொன்னன். ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம். பேசறதுக்கு எங்கிட்ட வேற என்னங்க இருந்துச்சு?"

"காலையில தெரிஞ்சப்ப ஏன் சொல்லல?" என்று கத்தினார் பொன்னம்மாள். "உம் மருமவளை நான் அத்தன பேச்சுப் பேசறேன், பாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தியேக்கா!"

சின்னாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

யமுனா அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "அம்மா, நான் சொன்னதெல்லாம் நியாயம்தான், ஆனா கோர்ட்ல நிக்காது. நீங்க வாயாலச் சொன்னது, வேற ஆதாரம் கிடையாது. உங்க மகன் உங்ககிட்ட இருந்து வாங்கினான்னு நீங்க சாட்சி சொன்னா, அந்தப் பேரையும் பக்கத்தையும் நான் திருப்பி வாங்கித் தர்றேன். நாலு மாச உழைப்பு. உங்களுதும்தான் அது."

முரளி தாளையும் மைப்பெட்டியையும் கொண்டுவந்து வைத்தான். சின்னாயி தன் வலது கைப் பெருவிரலை மடக்கி, உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டார்.

"எம் பையன் மேல கை வெக்கச் சொல்லாதீங்க சாமி. வேணும்னா இந்தக் கையை எடுத்துக்கங்க."

"அவன் உங்களை ஏமாத்தியிருக்கான்ம்மா."

"தெரியுமுங்க. திங்கக்கெழம கூப்புடல. அப்பவே தெரியும்."

அதற்கு மேல் கேட்க யமுனாவுக்கு மனம் வரவில்லை. எழுந்து தாளை மடித்தாள். குற்றவாளியைக் கண்டுபிடித்த நாளில் இப்படி வெறுங்கையோடு நிற்பது அவளுக்கு இது முதல் தடவை. சிவபிரகாஷை நினைத்துக் கோபப்படலாம் என்று பார்த்தாள். கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது.

பொன்னம்மாள் குழு நோட்டை எடுத்தார். சொன்ன சொல் தவறாதவர். பூங்குழலியின் பெயருக்கு மேலே இருந்த பெயரை, பதினாறு வருஷமாக முதல் வரியில் இருந்த பெயரை, அடித்தார். அடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சின்னாயி பெட்டிச் சாவியை முடிச்சிலிருந்து அவிழ்த்துப் பாயில் வைத்தார்.

"நான் பேசினது தப்பு பூங்குழலி," என்றார் பொன்னம்மாள். "நீ இரு. வேற பேரு வெப்போம். மறுபடி எழுதுவோம்."

பூங்குழலி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. காலையிலிருந்து அவள் பயந்த எதுவும் நடக்கவில்லை. பெயர் இருக்கிறது. பழி இல்லை. அவள் மாமியாரின் பக்கத்தில் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள். எல்லாரும் திட்டப் போகிறாள் என்று நினைத்தார்கள்.

"மூணு நாளு பேசினாரே அத்தை," என்றாள். "என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டாருங்களா?"

சின்னாயி அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

"சொல்லுங்கத்தை. எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"கடைசி நாளு கேட்டான் கண்ணு."

"என்னன்னு?"

"'அவகிட்ட இன்னும் ஏதாச்சும் மீதி இருக்குதா'ன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்லைன்னேன் கண்ணு. எல்லாத்தையும் குடுத்துட்டேன்னேன்."